கரி வண்டி ஓட்டிய ஜாஸ் மன்னர்

உலகம் முழுவதும் ஜாஸ் மன்னர் என்று கொண்டாடப்பட்ட லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு, தன் சரியான பிறந்த தேதி சாகும் வரை தெரியாது.

1900-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று பிறந்ததாகவே அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பிறந்த தேதி ஆகிவிட்டவர்கள் நம் ஊர்களிலும் ஏராளம் அல்லவா? அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1988-ல், ஒரு மாதா கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மை கிடைத்தது. அவர் பிறந்தது 1901-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி.

பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள துறைமுகப் பட்டணம். அந்த ஊர்தான் அவருக்கு இசையைக் கொடுத்தது. அதே ஊர்தான் நெடுங்காலம் அவருக்கு மரியாதை கொடுக்க மறுத்தது. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன ஒரு மனிதருக்கும் அவருடைய ஊருக்கும் நடந்த நீண்ட வழக்கு என்றே அவர் வாழ்க்கையைச் சொல்லலாம்.

பழைய சாமான் வண்டி

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது 36 ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டப்படி கறுப்பர்கள் அடிமைகள் இல்லை. ஆனால் டிராம் வண்டியில் தனி இடம், பள்ளிக்கூடம் தனி, ஓட்டல் தனி. வெள்ளையர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தால் அடி விழும்.

லூயி கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டிதான் 5 வயது வரை அவனை வளர்த்தார். பிறகு அம்மாவிடம் வந்து சேர்ந்தான். அம்மா வீட்டு வேலைகள் செய்து அவனையும் தங்கையையும் காப்பாற்றினார். அவர்கள் குடியிருந்த பேட்டையில் சாராயக் கடைகளும் நடன விடுதிகளும் நிறைய. அடிதடியும் கத்திக்குத்தும் தினசரி நடக்கும் சங்கதிகள்.

அந்தச் சமயத்தில் கார்னோப்ஸ்கி என்ற யூதக் குடும்பம் சிறுவன் லூயிக்கு வேலை கொடுத்தது. லித்துவேனியாவில் இருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பம் அது. பகலில் பழைய துணி, பாட்டில் வாங்கும் வண்டி. மாலையில் கரி விற்கும் வண்டி. வண்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு தகரக் குழலை ஊதி ஜனங்களைக் கூப்பிடுவது லூயியின் வேலை.

வெறும் தகரக் குழலில் அவன் ராகம் இழுத்ததைப் பார்த்து அந்தக் குடும்பம் வியந்தது. அடகுக் கடையில் 5 டாலர் விலையில் ஒரு பழைய கார்னெட் கிடந்தது. கார்னெட் என்பது டிரம்பெட்டை விடச் சற்றுக் குட்டையான பித்தளை ஊதுகருவி. அதை வாங்கக் கார்னோப்ஸ்கி குடும்பம் முன்பணம் கொடுத்தது. வாரச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவன் அந்தக் கடனை அடைத்தான்.

அந்த வீட்டில் அவனுக்குச் சாப்பாடும் போட்டார்கள். வெள்ளைத் தோல் இருந்தும் யூதர்கள் என்பதற்காக அவர்களையும் மற்ற வெள்ளையர்கள் இழிவாக நடத்தியதை அவன் கவனித்தான். அந்த நன்றிக்காக, யூதர்களின் நட்சத்திரச் சின்னத்தைப் பிற்காலத்தில் கழுத்தில் அணிந்து கொண்டார்.

துப்பாக்கியும் தண்டனையும்

1912-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் ஊரே வாணவேடிக்கையில் மூழ்கி இருந்தது. 11 வயது லூயி, வீட்டில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வந்து வானத்தை நோக்கிச் சுட்டான். போலீஸ்காரர் பிடித்துக் கொண்டார். மறுநாள், கறுப்பர் இனச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளிக்கு அவனை அனுப்பி விட்டார்கள்.

அந்தத் தண்டனைதான் அவனுக்கு வாழ்வு கொடுத்தது. பள்ளியில் பேண்டு வாத்தியக் குழு ஒன்று இருந்தது. பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அதை நடத்தினார். முதலில் அவர் லூயியை நம்பவில்லை. கஞ்சிரா போன்ற ஒரு தட்டும் வாத்தியத்தைத்தான் கொடுத்தார். பிறகு மேளம், பிறகு படிப்படியாக ஊதுகருவிகள். கடைசியில் கார்னெட்டைக் கொடுத்து, குழுவுக்கே தலைவன் ஆக்கினார்.

ஒருநாள் அந்தக் குழு லூயியின் பேட்டை வழியாக ஊர்வலம் போனது. தங்கள் தெருப் பையன் முன்னால் நின்று ஊதுவதைப் பார்த்த ஜனங்கள், சூதாடிகள் உள்படக் காசுகளை வாரி இறைத்தார்கள்.

1914-ம் ஆண்டு ஜூன் மாதம் அவன் விடுதலை ஆனான். பகலில் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் கரி சுமந்து விற்றான். இரவில் சாராயக் கடைகளில் கார்னெட் ஊதினான். உறவுக்காரப் பெண் ஒருத்தி குழந்தையை விட்டுவிட்டு இறந்து போனாள். அந்தக் குழந்தையை வளர்க்கும் பொறுப்பையும் பிள்ளைப் பருவம் தாண்டாத லூயியே ஏற்றுக் கொண்டான். குழந்தை கீழே விழுந்து தலையில் அடிபட்டு, மூளை வளர்ச்சி குன்றியது. வாழ்நாள் முழுவதும் அந்தப் பிள்ளைக்குப் பணம் கொடுத்துக் காப்பாற்றினார்.

சாவு மேளத்தில் பிறந்த இசை

நம் ஊர்களில் சாவுக்கு மேளம் அடிப்பது போல, நியூ ஆர்லியன்சிலும் கறுப்பர் வீட்டுச் சாவுக்கு பேண்டு வாத்தியம் உண்டு. இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான சோக இசை. அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது துள்ளும் தாளம். பின்னால் ஜனங்கள் ஆடிக்கொண்டே வருவார்கள். இப்படிப்பட்ட தெரு வாத்தியம், அடிமைகள் வயலில் பாடிய பாட்டு, மாதா கோவில் பாட்டு, நடன விடுதிப் பியானோ எல்லாம் கலந்து உருவானதே ஜாஸ்.

எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பது ஜாஸ் அல்ல. ஒரு மெட்டை எடுத்துக் கொண்டு, தாளத்துக்குள் நின்று, அந்தந்த நேரத்தில் தோன்றும் கற்பனையை வாசிக்க வேண்டும். நாதசுரக்காரர் ராக ஆலாபனை செய்வதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அந்த ஊரில் ஜோ ஆலிவர் என்ற கார்னெட் வித்வானை ராஜா என்ற அடைமொழி சேர்த்து அழைத்தார்கள். லூயி அவருடைய வீட்டுக்குக் கடைக்குப் போய் வருவான், எடுபிடி வேலை செய்வான். அதற்குப் பதிலாக ஆலிவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். தன் பழைய கார்னெட்டையும் கொடுத்தார். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் ஆலிவர் சிகாகோவுக்குப் போனார். ஊரில் அவர் வாசித்த இடம் லூயிக்குக் கிடைத்தது.

பிறகு மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல்களின் இசைக் குழுவில் சேர்ந்தான். இசைக் குறிப்புகளைப் பார்த்து வாசிக்கக் கற்றது அங்கேதான்.

சிகாகோ ரெயில்

அந்த ஆண்டுகளில் தென் மாநிலங்களில் இருந்து கறுப்பர்கள் லட்சக்கணக்கில் வடக்கே போய்க் கொண்டிருந்தார்கள். சிகாகோவில் இறைச்சிக் கூடங்களில் வேலை, இரும்பு ஆலைகளில் வேலை, ரெயில்வேயில் வேலை. முன்னால் போனவர் கடிதம் போடுவார். அதை நம்பித் தம்பியும் மைத்துனனும் ரெயில் ஏறுவார்கள்.

லூயிக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. தன் குழுவில் இரண்டாவது கார்னெட் வாசிக்க வரும்படி ஆலிவர் தந்தி அடித்திருந்தார். 1922-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவன் புறப்பட்டான். ரெயிலின் உணவுப் பெட்டியில் கறுப்பருக்கு இடம் இல்லை. எனவே அம்மா, மீன் வைத்த ரொட்டியைக் கட்டிக் கொடுத்தார். வயது 21.

இரவு சிகாகோவில் இறங்கியபோது ஆலிவர் கச்சேரியில் இருந்தார். வழி தெரியாமல் விழித்தவனை ரெயில் நிலையப் போர்ட்டர் ஒருவர் டாக்சியில் ஏற்றி அனுப்பினார். நடன மண்டபத்தின் வாசலுக்கு வந்ததும் உள்ளே இருந்து கேட்ட இசை அவனை மிரட்டியது. அந்தக் குழுவுக்குத் தான் ஈடு கொடுக்க முடியுமா என்று தயங்கி வெளியே நின்றான். பிறகே துணிந்து உள்ளே போனான்.

1923-ம் ஆண்டு ஏப்ரலில் ஆலிவர் குழு முதன் முதலாக இசைத்தட்டுக்கு வாசித்தது. அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய குழாயின் முன் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஊத்து, குருவின் ஊத்தை அமுக்கி விட்டது. எனவே அவரைப் பல அடி தள்ளி நிற்க வைத்துப் பதிவு செய்தார்கள்.

அந்தக் குழுவில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின் என்ற படித்த பெண். 1924-ல் ஆம்ஸ்ட்ராங் அவரை மணந்தார். இது அவருக்கு இரண்டாவது திருமணம். குருவின் நிழலில் இருக்கும் வரை முன்னுக்கு வர முடியாது என்று லில் எடுத்துச் சொன்னார். நியூயார்க்கில் பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் ஓராண்டு வாசித்த பின், 1925-ல் சிகாகோ திரும்பினார். வாரம் 75 டாலர் சம்பளம் பேசி முடித்து வைத்தவரும் லில்தான்.

அந்த நவம்பரில் 5 பேர் கொண்ட தன் சொந்தக் குழுவின் பெயரில் இசைத்தட்டுகள் பதிவு செய்யத் தொடங்கினார். பிறகு 7 பேர் கொண்ட குழு. 1925 முதல் 1928 வரை வந்த அந்த இசைத்தட்டுகள் ஜாஸ் இசையையே மாற்றி விட்டன. அதற்கு முன் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதே வழக்கம். தனி ஒருவர் முன்னால் வந்து, தன் கற்பனையை விஸ்தாரமாக வாசிக்கும் முறையை நிலைநாட்டியவர் ஆம்ஸ்ட்ராங். சொல்லே இல்லாமல், கொன்னக்கோல் போல வெறும் ஒலிகளால் பாடுவதையும் அவரே பிரபலமாக்கினார்.

1927-ல் அம்மா சிகாகோவில் இறந்தார். பிழைக்கப் போன மகனைத் தேடி வந்து, அவன் நன்றாக வாழ்வதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்தத் தாய் கண் மூடினார்.

பம்பாயில் எதிரொலி

சிகாகோ சினிமா கொட்டகை ஒன்றில், பேசாப் படங்களுக்கு வாசித்த இசைக் குழுவிலும் ஆம்ஸ்ட்ராங் இருந்தார். 1926-ல் அந்தக் குழுவின் இசைத்தட்டுகளில் அவருடன் பியானோ வாசித்தவர் டெடி வெதர்போர்டு. இந்த வெதர்போர்டு பின்னர் ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார். 1930-களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தார். பிறகு கல்கத்தாவுக்குப் போய், 1945-ல் அங்கேயே காலரா கண்டு இறந்தார்.

ஓட்டல்களில் வாசித்த கோவாக்காரர்கள் இந்த இசையைப் பிடித்துக் கொண்டார்கள். அவர்களில் ஒருவர் டிரம்பெட் வித்வான் அந்தோனியோ சேவியர் வாஸ். சிக் சாக்லெட் என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட அவரை, இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று அழைத்தார்கள். இந்திப் பட இசை அமைப்பாளர் சி. ராம்சந்திராவுடன் அவர் பணியாற்றினார். 1951-ல் வந்த 'அல்பேலா' படத்தின் துள்ளல் இசையில் அவர் கை உண்டு. தமிழில் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இசை அமைத்தவரும் இதே ராம்சந்திராதான். 1978-ல் பம்பாயில் ஜாஸ் யாத்ரா என்ற விழா தொடங்கியபோது, அந்த மண் ஏற்கனவே பதப்பட்டிருந்தது.

ஊருக்குத் திரும்பினார்

1931-ல் ஆம்ஸ்ட்ராங் சொந்த ஊருக்கு வந்தார். போய் 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரெயில் நிலையத்தில் பேண்டு வாத்தியங்களுடன் பெரும் வரவேற்பு.

ஆனால் கச்சேரி நடந்த விடுதி வெள்ளையருக்கு மட்டுமே. அவருடைய சொந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வெளியே ஆற்றங்கரை மேட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே வந்த இசையைக் கேட்டார்கள். முதல் நாள் வானொலி அறிவிப்பாளர், ஒரு கறுப்பரை அறிமுகம் செய்ய மாட்டேன் என்று மறுத்து விட்டார். ஆம்ஸ்ட்ராங் மைக்கைத் தானே வாங்கி, தன்னைத் தானே அறிமுகம் செய்து கொண்டார்.

திரும்பும் வழியில் மெம்பிஸ் நகரில், மானேஜரின் வெள்ளைக்கார மனைவி அதே பஸ்சில் உட்கார்ந்து வந்ததற்காக, போலீசார் குழுவினரைப் பிடித்து லாக்கப்பில் அடைத்தார்கள்.

1937-ல் சவானா என்ற தென் நகரத்துக்குக் கச்சேரிக்குப் போனபோது, தெருவில் காய்கறி விற்ற ஒரு முதியவரைப் பார்த்தார். அவர் குரு ஆலிவர். ஈறு நோயால் பல் கெட்டு, வாசிக்க முடியாமல், வியாபாரமும் நொடித்து, நடுத்தெருவுக்கு வந்திருந்தார். ஆம்ஸ்ட்ராங்கும் குழுவினரும் கையில் இருந்த பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே ஆலிவர் இறந்து போனார்.

சொந்த வீடு

ஜோ கிளேசர் என்பவர் 1935-ல் மானேஜர் ஆனார். வருமானம் நிலைத்தது. ஆனால் ஆண்டுக்கு 300 நாள் வரை ஊர் ஊராகக் கச்சேரி. பெட்டியே வீடு, ஓட்டலே படுக்கை.

1942-ல் நான்காவது மனைவியாக வந்த லூசில் இதை மாற்றினார். 1943-ல் நியூயார்க் நகரின் கொரோனா பகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் ஒரு சாதாரணத் தெருவில், கணவர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஒரு வீட்டை வாங்கி விட்டார். பயணம் முடிந்து டாக்சியில் வந்து இறங்கிய ஆம்ஸ்ட்ராங், அது தன் வீடு என்று நம்பவில்லை. டாக்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்டினார்.

கோடி கோடியாகப் பணம் புரண்ட காலத்திலும் அந்தத் தெருவை விட்டு அவர் போகவில்லை. வாசல் படியில் தெருப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

சிரிப்பும் கோபமும்

மேடையில் பல் தெரியச் சிரிப்பார். வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார். கண்ணை உருட்டிப் பாடுவார். வெள்ளையருக்கு முன் கூழைக் கும்பிடு போடுகிறார் என்று இளைய கறுப்பர் இனக் கலைஞர்கள் சிலர் ஏளனம் செய்தார்கள். அவர் பதில் பேசாமல் வாசித்துக் கொண்டே போனார்.

1956-ல் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டுக்கு வந்தார். அதுதான் மறு ஆண்டு சுதந்திரம் பெற்ற கானா. அக்ரா நகரில் பெரும் ஜனத்திரள் அவரைக் கேட்டது. கூட்டத்தில் நடனமாடிய ஒரு பெண், இறந்து போன தன் தாயின் சாயலில் இருப்பதைக் கண்டு நெகிழ்ந்தார். தன் மூதாதையர் இந்த மண்ணில் இருந்துதான் போயிருப்பார்கள் என்று முடிவு செய்தார்.

அதே 1956-ல் லூசியானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் கலந்து நிகழ்ச்சி நடத்தக் கூடாது. ஆம்ஸ்ட்ராங் குழுவிலோ இரு இனத்தாரும் இருந்தார்கள். அந்தக் குழுவோடு வாசிக்க முடியாத ஊரில் இனி வாசிப்பதில்லை என்று முடிவு செய்தார். அந்த ஊர் அவர் பிறந்த ஊர்.

1957-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆர்க்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில் 9 கறுப்பர் இன மாணவர்களைப் பொதுப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல், மாநில கவர்னரே படையை நிறுத்தித் தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் உடனே தலையிடவில்லை.

வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஒரு கச்சேரிக்கு வந்திருந்த ஆம்ஸ்ட்ராங்கை ஓர் இளம் நிருபர் ஓட்டல் அறையில் சந்தித்தார். அத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்த கோபம் வெடித்தது. கவர்னரைக் கடுமையாகத் திட்டினார். ஜனாதிபதிக்குத் துணிவு இல்லை என்றார். அரசாங்கத்தின் தூதராக ரஷியாவுக்குப் போக இருந்த இசைப் பயணத்தையும் ஒப்புக் கொள்ள முடியாது என்று சொல்லி விட்டார்.

பத்திரிகை ஆசிரியர் இதை நம்பவில்லை. எழுதியதை ஆம்ஸ்ட்ராங்கிடமே காட்டி வரச் சொன்னார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். செய்தி நாடு முழுவதும் பரவியது. தெற்கே ஒரு வானொலி நிலையம் அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. சக கலைஞர்களில் சிலர் கூட அவரைக் குறை சொன்னார்கள். மானேஜர் தரப்பில் மழுப்பப் பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஐசனோவர் ராணுவத்தை லிட்டில் ராக்குக்கு அனுப்பினார். மாணவர்கள் சிப்பாய்கள் பாதுகாப்புடன் வகுப்புக்குப் போனார்கள். அது ஆம்ஸ்ட்ராங் ஒருவரால் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பிழைப்பே போனாலும் போகட்டும் என்று அவர் பேசினார். கூழைக் கும்பிடு என்று ஏளனம் செய்தவர்களுக்கு அதுவே பதில் ஆயிற்று.

கடைசிக் காலம்

1964-ம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு அமெரிக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தது. 'ஹலோ டாலி' என்ற பாட்டால் அவர்களைக் கீழே இறக்கியவர் 62 வயது ஆம்ஸ்ட்ராங்.

அதே ஆண்டு இன ஒதுக்கலைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1965-ல் ஆம்ஸ்ட்ராங் நியூ ஆர்லியன்ஸ் திரும்பினார். இரு இனத்தாரும் கலந்த தன் குழுவோடு மேடை ஏறினார்.

1971-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, கொரோனா வீட்டில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. சுமார் 25 ஆயிரம் பேர் அஞ்சலி செலுத்தினார்கள். நியூயார்க்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சில நாளில் நியூ ஆர்லியன்சில் ஊர் வழக்கப்படி பேண்டு வாத்தியங்கள் அவருக்காக முழங்கின.

அடுத்த மாதம் சிகாகோவில் நடந்த நினைவுக் கச்சேரியில், பிரிந்து போன முன்னாள் மனைவி லில் பியானோ வாசித்தார். வாசித்துக் கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார்.

1977-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களில் பல நாட்டு இசை அடங்கிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டு வைக்கப்பட்டது. அதில் ஆம்ஸ்ட்ராங்கின் 7 பேர் குழு 1927-ல் வாசித்த இசையும் இருக்கிறது. இந்தியாவின் சார்பில் பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டு இருக்கிறது.

கொரோனா வீடு 2003-ல் அருங்காட்சியகம் ஆயிற்று. அவரைக் குழுவோடு மேடை ஏற விடாத நியூ ஆர்லியன்ஸ், அவர் பிறந்த நூற்றாண்டான 2001-ல், தன் விமான நிலையத்துக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரைச் சூட்டியது.